தலையை மட்டும் பார்த்தவள்

கடை திறந்து முதல் ஆள் வருவதற்கு முன்பே தரையில் முடி கிடந்தது.

அழகு நிலையத்தில் தரையில் முடி கிடப்பது அதிசயமில்லை. கூட்டி அள்ளுவதே பாதி வேலை. ஆனால் அது ஆட்கள் வந்துபோன பிறகு கிடக்க வேண்டிய முடி. கண்ணாடிகளைத் துடைத்து, துண்டுகளை மடித்து அடுக்கிவிட்டுத் துடைப்பத்தைக் கையில் எடுத்த பெரியவள், தன் தங்கை நின்று தலை வாரிய இடத்தில் அது சுருள் சுருளாகக் கிடப்பதைப் பார்த்தாள். சின்னவளும் அதைப் பார்த்தாள். சீப்பில் சிக்கியிருந்ததை விரலில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "இன்னைக்குப் போணி நான்தான்க்கா" என்றாள்.

பெரியவள் சிரித்துவிட்டாள். தங்கையே கேலி செய்துகொள்கிறாளே, அப்படியானால் மனசில் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கடை பெரியவளுடையது. மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் மூன்று கண்ணாடிகளும் மூன்று நாற்காலிகளும்; திரைக்குப் பின்னால் உள்ளறை. கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததோ சின்னவளின் கை. திருமணம் முறிந்து கையில் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவள், ஒரே வருஷத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டு அக்காவையே மிஞ்சிவிட்டாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, இரண்டு கை விரல்களாலும் முறுக்கி, அவள் புருவம் திருத்துகிற வேகத்தைப் பார்ப்பதற்கே சிலர் வருவார்கள். அக்காவின் நாற்காலி காலியாக இருந்தாலும் "சின்ன மேடம் வரட்டும், இருக்கோம்" என்று காத்திருப்பார்கள். அதில் பெரியவளுக்குப் பொறாமை கிடையாது. பெருமைதான்.

அந்த விரல்களில்தான் வியாதி வந்து உட்கார்ந்தது. காலையில் எழுந்தால் கை மூடாது, மூடினால் விரியாது. கணுக்கள் வீங்கிச் சிவந்தன. மூட்டு டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு முடக்குவாதம் என்றார். முழுதாகத் தீராது, ஆனால் அடக்கி வைக்கலாம். வாரம் ஒரு முறை மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, எக்காரணம் கொண்டும் விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். முதல் சில முறை பெரியவள் கூடப் போனாள். பிறகு கடையை யார் பார்ப்பது என்று சின்னவள் தனியாகவே போய் வந்தாள்.

மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. வீக்கம் வடிந்தது. விரல்கள் பழையபடி நூலைப் பிடித்தன. அக்காவும் தங்கையும் கும்பிடாத குறைதான். அதற்கப்புறம்தான் முடி கொட்ட ஆரம்பித்தது.

முதலில் தலையணையில், பிறகு குளியலறையில், பிறகு கடைத் தரையில். வகிடு அகன்றது. நெற்றியின் இரு பக்கமும் தோல் தெரிந்தது. முடியைப் பற்றி ஊருக்கே யோசனை சொல்கிற பெரியவள் சும்மா இருப்பாளா? தெரிந்த எண்ணெய்களையெல்லாம் காய்ச்சி, தேய்த்து, ஊறவைத்து அலசினாள். தேய்க்கும்போதெல்லாம் வாய் ஓயாது. இந்த மாத்திரை வந்ததிலிருந்துதான் இப்படி, எப்படி இருந்த தலை, எல்லாம் அந்த மாத்திரை பண்ணுகிற வேலை என்று அங்கலாய்ப்பாள். மாத்திரையை நிறுத்து என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. பின்னால் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு கரையேறப் பார்த்தாள். முடியவில்லை.

ஒரு நாள் கல்யாணப் பெண் ஒருத்தியை அழைத்துக்கொண்டு அவள் தாய் வந்தாள். பெரிய இடம், கல்யாண வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் இந்தக் கடைக்கே அழைத்து வருவதாகப் பேச்சு. சின்னவள் பெண்ணின் கூந்தலைப் பிரித்துச் சீப்பு வைக்கும்போது, அந்த அம்மாள் கண்ணாடியில் சின்னவளின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெரியவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்.

"உங்க கடை ஆளு தலையே இப்படி இருக்கே. என் பொண்ணு தலையை நம்பிக் கொடுக்கலாமா?"

அதற்குப் பெரியவள் எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். இவள் என் தங்கை, உடம்பு சரியில்லாமல் மருந்து சாப்பிடுகிறாள் என்று சொல்லியிருந்தாலே போதும். அவளோ வந்தவளோடு சேர்ந்து சிரித்தாள். மனசறிந்து சிரித்த சிரிப்பு அல்ல. கைக்கு வந்த வேலை போய்விடக் கூடாதே என்று வாய் தானாகச் சிரித்த சிரிப்பு. சிரித்துக்கொண்டே, "நான் பார்த்துக்கறேன் மேடம்" என்று தங்கையின் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொண்டாள்.

சின்னவள் திரைக்குப் பின்னால் போனாள்.

அன்றோடு முன்னறை அவளுக்கு இல்லை என்றாகிவிட்டது. பெரியவள் அதை நயமாகத்தான் சொன்னாள். உனக்கும் நிற்கிற வேலை குறையும், தலை கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். உள்ளறையில் கால் கழுவிவிடுவதும், நகம் வெட்டுவதும், துண்டு அலசுவதும் அவள் பங்குக்கு வந்தன. யாராவது சின்ன மேடம் எங்கே என்று கேட்டால், உள்ளே வேலையாக இருக்கிறாள் என்று பெரியவள் பதில் சொல்வாள். திரைக்கு அந்தப் பக்கம் அது நன்றாகவே கேட்கும்.

சில மாதங்கள் கழித்து முடி கொட்டுவது நின்றது. பிறகு நெற்றியோரத்தில் குட்டி குட்டியாகப் புது முடி எட்டிப்பார்த்தது. பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் தன் எண்ணெய் மகிமை என்று நினைத்தாள். "இப்பதான்டி நீ பழைய மாதிரி இருக்கே" என்று தங்கையின் முகத்தைப் பிடித்துக் கண்ணாடி பக்கம் திருப்பிக் காட்டினாள். மறுநாளே அவளை முன்னறைக்குக் கூட்டி வந்தாள். அதோடு விட்டாளா? வருகிறவர்களிடமெல்லாம் தங்கையின் தலையைத் தொட்டுக் காட்டி, எப்படி இருந்தது, இப்போது பாருங்கள் என்று எண்ணெய் பாட்டிலை எடுத்து நீட்டினாள். சின்னவள் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றாள்.

அவள் உடம்பு வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது. பொத்தான் வைத்த உடைகளை அவள் உடுத்துவதை விட்டுவிட்டாள். க்ரீம் டப்பா மூடியைத் திறக்க யாரையாவது கூப்பிட்டாள். காலையில் எழுந்ததும் வெகுநேரம் கட்டிலின் விளிம்பில் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். இவை ஒவ்வொன்றும் பெரியவளின் கண்ணில் படாமல் இல்லை. குளிர் காலம், வேலை அசதி, இவளுக்கு எப்போதும் கொஞ்சம் சோம்பல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டாள். ஒரு முறை மட்டும் மாத்திரை போடுகிறாயா என்று போகிற போக்கில் கேட்டாள். ம் என்றாள் சின்னவள். பல்டாக்டரம்மா ஒருத்தி முடி வெட்டிக்கொள்ளக் காத்திருந்ததால் பேச்சு அதோடு நின்றது. கீழே மருந்துக் கடையில் தங்கை வலி மாத்திரைகளை வாங்கி வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தது அக்காவுக்குத் தெரியாது.

ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு மதியம் சின்னவள் ஒரு பெண்ணுக்கு முடி வெட்டி முடித்தாள். அந்தப் பெண் எழுந்து கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போனாள். அடுத்தவள் வந்து உட்கார்ந்தாள். சின்னவள் மட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். பெரியவள் கூப்பிட்டாள். கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கத்தரிக்கோலின் வளையங்களுக்குள் விரல்கள் வீங்கி மாட்டிக்கொண்டிருந்தன. கழற்ற முடியவில்லை.

உள்ளறைக்கு அழைத்துப் போய் சோப்பு நீரில் கையை வைத்து, பெரியவள் மெல்ல மெல்லக் கழற்றினாள். கத்தரிக்கோல் வந்த பிறகும் விரல்கள் நிமிரவில்லை. நடுவிரலும் மோதிர விரலும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. எத்தனையோ மாதமாக அந்தத் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள், அந்தக் கையை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மூட்டு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டார். பெரியவள் முந்திக்கொண்டு, நிறுத்தவே இல்லை, ஒழுங்காகத்தான் போடுகிறாள் என்றாள். டாக்டரம்மா அவளைப் பார்க்கவில்லை. சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போய் உக்காந்த அன்னைக்கே நிறுத்திட்டேன்" என்றாள் சின்னவள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பெரியவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இந்த மருந்தில் சிலருக்கு முடி கொட்டும், அளவைக் குறைத்துப் பார்க்கலாம், கூட ஒரு வைட்டமின் கொடுத்துப் பார்க்கலாம், அப்படியும் நிற்காவிட்டால் வேறு மருந்துக்கு மாறலாம், இதற்கெல்லாம் வழி இருக்கிறது என்று நிதானமாகச் சொன்னார். "ஒரு வார்த்தை என்கிட்ட வந்து சொல்லியிருந்தா போதும்மா. கொட்டின முடி பெரும்பாலும் திரும்ப வந்துடும். அரிச்ச எலும்பு வராது."

வீட்டுக்கு வந்ததும் பெரியவள்தான் பொறுக்க மாட்டாமல் ஆரம்பித்தாள். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, நான் என்ன அயலாளா என்று கேட்டாள்.

சின்னவள் மடியில் கிடந்த கையைப் பார்த்தபடி சொன்னாள். "முடி வந்துடுச்சுன்னு என் முகத்தைத் திருப்பிக் காட்டினே பாரு, அப்ப உன் முகத்துல அவ்ளோ சந்தோஷம். எத்தனையோ நாளைக்கப்புறம் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

அவள் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பெரியவள் அன்று இரவு சாப்பிடவில்லை. சேர்ந்து சிரித்ததும், சீப்பை வாங்கிக்கொண்டதும், எண்ணெய் பாட்டிலை நீட்டியதும் ஒவ்வொன்றாக நெஞ்சில் வந்து நின்றன. நிறுத்து என்று வாயால் சொன்னால்தான் சொன்னதாகுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

வேறு மருந்து ஆரம்பித்தார்கள். அது ஒத்துக்கொண்டது. வலி குறைந்தது, வீக்கம் வடிந்தது. முடியும் கொட்டவில்லை. சின்னவளின் தலை இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. பின்னல் போடுகிற அளவு அடர்த்தி. ஆனால் பின்னலை அக்காதான் போட்டுவிட வேண்டும். சாய்ந்த விரல்கள் சாய்ந்தபடியே நின்றுவிட்டன. நூல் பிடிக்க முடியாது. வருகிறவர்களை உட்காரவைப்பதும், முறை சொல்வதும், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று புருவத்தின் வளைவை வாயால் சொல்லித் தருவதும்தான் இனி அவள் வேலை. சின்ன மேடம் கையால் செய்துகொள்ள வேண்டும் என்று வருகிற பழைய ஆட்களிடம், அவளே சிரித்துக்கொண்டு கையைக் காட்டிவிடுகிறாள். அந்த நேரங்களில் பெரியவள் ஏதாவது வேலை இருப்பது போல உள்ளே போய்விடுவாள்.

சென்ற வாரம் ஒரு கல்லூரிப் பெண் தன் தாயோடு வந்தாள். வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறாளாம். தலையில் சுற்றியிருந்த துணியை எடுக்கவே அவளுக்கு மனசில்லை. தாய்தான் பேசினாள். இப்படியே போனால் இவளை யார் பெண் பார்க்க வருவார்கள், வலிப்பு வந்து ரொம்ப நாளாகிறது, மாத்திரையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறோம், அதற்கு முன் உங்கள் எண்ணெயைத் தேய்த்துப் பார்க்கலாம் என்று வந்தோம் என்றாள்.

பெரியவள் எண்ணெய் அலமாரிப் பக்கமே போகவில்லை. அந்தப் பெண்ணை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "முடி கொட்டுதுன்னு நேரா டாக்டர்கிட்ட போய்ச் சொல்லும்மா. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை. அவங்க வழி சொல்வாங்க. நீயா ஒரு வேளைகூட நிறுத்திடாதே" என்றாள். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். முதலாளி வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல் அதில் இல்லை.

"கூட இருக்கிற நாம வாயை அடக்கணும்மா. முடி போச்சே, முடி போச்சேன்னு நாம சொல்லிக்கிட்டே இருந்தா, அது மருந்தை நிறுத்துன்னு சொல்ற மாதிரிதான். நோயோட இருக்கிற பிள்ளைகிட்ட தலை எப்படி இருக்குன்னு கேக்காதீங்க. உடம்பு எப்படி இருக்குன்னு கேளுங்க." மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தாள்.

"நான் கேக்கல" என்றாள்.