பீப்பாயில் வந்த கம்பளி

மூட்டைப்பூச்சியின் நாற்றம் எனக்குத் தெரியாதா என்ன? அந்தச் செவ்வாய்க்கிழமை மெத்தையின் ஓரத் தையலைப் புரட்டிப் பார்த்தேன். மிளகுப்பொடி தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். நடுவே ஒன்று, ரத்தம் குடித்து வயிறு புடைக்க உட்கார்ந்திருந்தது.

அந்த மெத்தையில்தான் ஏழு பிள்ளைகள் மத்தியானம் தூங்குகின்றன. எங்கள் போர்ட் மரியா ஊரில் வேலைக்குப் போகும் தாய்மார் என்னை நம்பி விட்டுப்போகிற பிள்ளைகள். விஷயம் தெரிந்தால் ஒருத்தியும் என் வாசலை மிதிக்க மாட்டாள். அப்புறம் நான் எதைத் தின்பது?

வேறெப்படி வரும், பீப்பாயில்தான் வந்தது. நியூயார்க்கிலிருந்து அக்கா சாமான் அடைத்துக் கப்பலில் அனுப்பிய பீப்பாய். அரிசி, சோப்பு, பழைய துணி, இரண்டு கம்பளி. பீப்பாயில் வந்ததை இங்கே யாரும் உடனே துவைப்பதில்லை. வெளிநாட்டு வாசனை போய்விடுமே! நானும் முகர்ந்து முகர்ந்து, ஒன்றை அப்படியே பிள்ளைகளுக்குப் போர்த்தினேன். இன்னொன்றை, என்னிடம் பிள்ளையை விட்டுப்போகிற ஷான்டலுக்குக் கொடுத்தேன். பெருமையாம், மண்ணாங்கட்டி.

ஷான்டலின் எட்டு மாதப் பிள்ளை அகீம் கையில் வரிசையாக மூன்று தடிப்பு இருந்தது. "கொசுடி" என்று முந்தாநாள் நான்தான் அவளிடம் சொன்னேன்.

சாயங்காலம் பிள்ளையைத் தூக்க வந்தவள் கதவைச் சாத்தினாள்.

"மிஸ் அயோனி, கத்தாதீங்க. எங்க வீட்ல மூட்டைப்பூச்சி. என் மவன்தான் இங்கயும் கொண்டாந்திருப்பான். அவன வேணாம்னு சொல்லிடாதீங்க, வேற யாரு பாத்துக்குவா?"

கடவுள் என்னை மன்னிக்கட்டும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி அவளுக்கு.

"சரி சரி, அழாத. நான் யாருகிட்ட சொல்லப்போறேன்?"

அவள் பையிலிருந்து ரம் பாட்டில் ஒன்றை எடுத்தாள். உள்ளே பால்போல் ஏதோ வெள்ளையாக இருந்தது.

"வாழைத்தோட்டத்துல பூச்சிக்கு அடிக்கிற மருந்து. தொட்டில்ல, கம்பளில எல்லாம் தெளிச்சுடறேன்."

இடுப்பிலிருந்த அகீம் மூடியைப் பிடிக்கக் கை நீட்டினான். சட்டென்று அவன் கையை விலக்கினேன்.

"அடிப்பாவி! புள்ள மூச்சு விடற எடத்துலயா? கொன்னுடுவடீ! கொதிக்கிற தண்ணில போடு, தையல் தையலா பாரு..."

"உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

மெத்தையைப் புரட்டிக் காட்டினேன்.

"உன் மவன் கொண்டுவரலடீ. என் பீப்பாய்ல வந்துச்சு. உனக்குக் குடுத்த கம்பளியிலயும் இருக்கு."

மெத்தையைப் பார்த்தாள். பிள்ளையின் கையைப் பார்த்தாள்.

"கொசுன்னீங்களே, மிஸ் அயோனி."

பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் விடியும் முன்பே முற்றத்தில் அண்டாவை ஏற்றினேன். ஏழு மணிக்கு வருகிற பிள்ளைகள் எட்டாகியும் வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. எட்டரைக்கு ஷான்டல் வந்தாள், இடுப்பில் பிள்ளையும் கையில் இறுக்கி முடிச்சிட்ட பிளாஸ்டிக் பையுமாக. கேட்டுக்கு வெளியிலேயே நின்று பையை மட்டும் உள்ளே வைத்தாள்.

"இன்னைக்கு நான் வேலைக்குப் போகல" என்றாள்.

அகீம் என்னைப் பார்த்ததும் எப்போதும்போல் இரண்டு கையையும் நீட்டினான். அவள் அவன் கையை மடக்கி, தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள்.

பையைப் பிரித்து, அவளுக்குக் கொடுத்த கம்பளியை அண்டாவில் அமுக்கினேன். ஆவியோடு அந்த வெளிநாட்டு வாசனை கிளம்பி வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் ஆழமாக அமுக்கினேன்.