பந்து வராத கோல்

பொருநை மகளிர் ஆக்கி அணி அந்த வருஷ லீக்கில் பதினான்கு ஆட்டம் ஆடி இரண்டில் ஜெயித்தது. வாங்கின கோல் நாற்பத்தொன்று, போட்ட கோல் பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதில் பதின்மூன்று ரைஹானத் போட்டது. மேலப்பாளையத்துப் பெண், இருபத்திரண்டு வயசு. அவள் மட்டும் இல்லையென்றால் பாளையங்கோட்டையில் இப்படியொரு அணி இருப்பதே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

பயிற்சியாளர் அனுராதா ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். எந்த ஆட்டத்தில் எத்தனையாவது நிமிஷம் கோல் விழுந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். ஏன் விழுந்தது என்று கேட்டால்தான் அவளிடம் பதில் இருக்காது. மூன்று வருஷமாக இல்லை.

ஆனி பிறந்தால் மாறுதல் காலம். அந்த ஒரு மாதத்துக்குள் அணிகள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். மாறிப்போகிறவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் செல்லும். போட மாட்டேன் என்றால் பழைய இடத்திலேயே இருந்துகொள்ளலாம். முதல் வாரமே கோவில்பட்டிக் கரிசல் அணியிலிருந்து, பொருநை அணியின் தலைவர் மகேஸ்வரனுக்குப் போன் வந்துவிட்டது. வண்ணாரப்பேட்டையில் பம்புசெட் கடை வைத்திருப்பவர். அனுராதாவைக் கடைக்கே வரச்சொல்லி விஷயத்தை உடைத்தார்.

“ரைஹானத்தைக் கேக்காவ, டீச்சர். பதிலுக்கு அஞ்சு பேர் பேரு அனுப்பியிருக்காவ. அதுல ஒருத்தியை நாம எடுத்துக்கிடலாம்.”

“குடுத்துரணும்ங்கியளா, அண்ணாச்சி?”

“குடுக்காம வச்சிருந்து என்னத்தக் கண்டோம்? அவ ஒண்ணு போடுதா, நாம மூணு வாங்குதோம். ஓட்டைப் பானையில எத்தன குடம் ஊத்துனா என்ன? இன்னொரு வருசம் கடைசியில நின்னோம்னா லீக்கை விட்டே தூக்கிருவாவ. நீங்க போய்ப் பாருங்க. உங்க கண்ணுக்கு யாரு படுதாளோ, அவதான்.”

அந்தச் சனிக்கிழமை அனுராதா கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினாள். போகிற வழியெல்லாம் ரைஹானத்தின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

கரிசல் அணி இரண்டாகப் பிரிந்து, பச்சைப் பனியனும் மஞ்சள் பனியனுமாக ஆடிக்கொண்டிருந்தது. பட்டியலில் இருந்த ஐந்து பேரில் நான்கு பேர் மஞ்சளில் முன்வரிசை. அனுராதா சிமெண்டுப் படியில் உட்கார்ந்து நோட்டை விரித்தாள். எழுத நிறையவே இருந்தது. மஞ்சள் பெண்கள் அலையலையாக ஏறி வந்தார்கள். பச்சைக் கோலில் நின்ற ஸமீஹா என்கிற இருபது வயசுப் பெண் பாய்ந்தும் விழுந்தும் ஒன்பது பந்துகளைத் தடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு பந்துதான் உள்ளே போயிற்று.

இடைவேளையில் இரண்டு கோல்கீப்பர்களையும் இடம் மாற்றினார்கள். பச்சைக் கோலுக்கு வந்தவள் கொஞ்சம் குட்டை, தடித்த தோள். ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு சாவகாசமாக வந்து நின்றாள்.

ஆட்டம் மறுபடி தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியும் அனுராதாவின் நோட்டில் ஒரு வரி கூட ஏறவில்லை. மஞ்சள் பெண்கள் அசந்துவிட்டார்கள் போல என்று முதலில் நினைத்தாள். இல்லை, அதே ஓட்டம்தான் ஓடினார்கள். ஆனால் கோலுக்கு முப்பதடி முன்னாலேயே எங்கோ முட்டி நின்றுபோனார்கள். அப்போதுதான் அந்தக் குரல் அவள் காதில் விழுந்தது.

“செல்வி, ரெண்டு எட்டு வலது. நில்லு. மாரி, அவளை விடு. பின்னால வாரவளப் பிடி.”

கத்தல் என்று சொல்ல முடியாது. ஆனிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த அந்த மைதானத்தில், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் நிதானமாக வந்தது அது. மாரி போய் நின்ற இடத்துக்கு, அவள் நின்ற பிறகுதான் பந்து வந்தது. பந்து புறப்படும் முன்னே அது போகிற இடம் கோலில் நிற்பவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அனுராதா கண்ணை மூடிக்கொண்டாள். குரலை மட்டும் கேட்டாள். யார் எங்கே நிற்கிறார்கள், எந்த வழி அடைபட்டது, எந்த வழி திறக்கப்போகிறது என்று மைதானம் முழுக்க அவளுக்குள் விரிந்தது. கண்ணைத் திறந்து சரிபார்த்தாள். அச்சுப் பிசகாமல் அப்படியே இருந்தது. கையில் மயிர் குத்திட்டு நின்றது. இருபது வருஷமாக இந்த விளையாட்டோடு கிடக்கிறாள். ஆக்கியைக் காதால் பார்க்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசிவரை அந்தக் கீப்பரிடம் வந்தது ஒரே ஒரு பந்து, அதுவும் தவழ்ந்து வந்தது. காலால் ஒதுக்கிவிட்டாள். ஒருவரும் கைதட்டவில்லை.

கரிசல் அணியின் பயிற்சியாளர் பீர் மைதீன் டீ வாங்கிக்கொண்டு வந்தார். “யாரைப் பிடிச்சிருக்கு, டீச்சர்?”

“ரெண்டாவதா நின்ன கீப்பர் யாரு, சார்?”

“ஜெசியா?” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “புன்னக்காயல். அங்கன ஒரு ஐஸ் கம்பெனியில வேலை பாக்கா. முப்பத்தி நாலு வயசாச்சு. அவ பட்டியல்லயே இல்லையே. போன வருசம் ஆறு ஆட்டம் நின்னா, மொத்தமே பதினொரு பந்துதான் தடுத்திருக்கா. எங்க ஸமீஹா ஒரே ஆட்டத்துல பதினொண்ணு தடுப்பா.”

“அந்த ஆறு ஆட்டத்துலயும் சேத்து எத்தன கோல் வாங்குனாவ?”

பீர் மைதீன் போனைத் தடவிப் பார்த்தார். “ரெண்டு.” கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னைக்கெல்லாம் எங்க பின்வரிசை நல்லா ஆடிச்சு.”

அனுராதா டீயை ஊதிக் குடித்தாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசினால் இவருக்கும் புரிந்துவிடும் என்று பயமாக இருந்தது. ஜெசியே போதும் என்று மட்டும் சொன்னாள், அவரும் சிரித்தபடி சம்மதித்தார்.

மகேஸ்வரனுக்குக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. “இருபத்திரண்டைக் குடுத்து முப்பத்தி நாலை வாங்குததா? ஊர்ல சிரிப்பாவ, டீச்சர். பந்தே வராத கீப்பர் நமக்கு என்னத்துக்கு?”

“பந்து வராததுக்குத்தான், அண்ணாச்சி.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “எனக்குப் பிடிபடல. ஆனா பாக்கச் சொன்னது நான். ரைஹானத்திட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்கு அந்தத் தைரியம் இல்ல.”

அனுராதாவுக்கும் இல்லை. மறுநாள் பயிற்சி முடிந்து எல்லாரும் போனபின் வாயெடுக்கும் முன்பே ரைஹானத் முந்திக்கொண்டாள்.

“குரூப்புல வந்தாச்சு, டீச்சர். என்னைக் குடுக்கியளாம்.” ஸ்டிக்கின் பிடியில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். “போறது கூட எனக்குப் பெருசில்ல. கோவில்பட்டி நல்ல அணி. ஆனா எனக்குப் பதிலா பந்தே பிடிக்காத ஒருத்தி வாராவன்னு சொன்னா எப்படியிருக்கும்? என் மதிப்பு அவ்வளவுதானா?”

“இல்லட்டி. உன்னைக் குடுத்தாத்தான் அவியளை வாங்க முடியும்னு நெனைக்கேன்.”

“அப்போ அவிய முதல்ல எம் முன்னால வந்து நிக்கட்டும். பாத்துட்டுக் கையெழுத்துப் போடுதேன்.”

கேட்டது நியாயம். அனுராதா ஜெசிக்குப் போன் செய்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில், கால் கவசமும் கையுறையும் திணித்த சாக்குப் பையோடு ஜெசி வந்து இறங்கினாள். விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு, “அந்தப் பிள்ளை கேட்டதுல தப்பில்ல, டீச்சர். எனக்குப் பத்து நிமிசம் தாங்க,” என்றாள். பின்வரிசைப் பெண்கள் நான்கு பேரையும் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்தாள். முதலில் பெயர் கேட்டாள். பிறகு ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வி: “ஓடும்போது எந்தப் பக்கம் திரும்ப உனக்குக் கஷ்டம்?”

மூன்று பேர் பதில் சொன்னார்கள். நான்காவதாக ஷம்ஸியா. அவள் டீச்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “இடது பக்கம், அக்கா. முழங்கால் பிடிச்சுக்கிடும். ரெண்டு வருசமா இருக்கு.”

அனுராதா ஷம்ஸியாவின் முழங்காலைப் பார்த்தாள். நாற்பத்தொன்றில் பாதி அந்தப் பக்கத்து வழியாக விழுந்தவை. சோம்பேறி என்று இந்தப் பெண்ணை எத்தனை முறை ஏசியிருக்கிறாள்.

“ஏம்ட்டி எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க கேக்கலையே, டீச்சர்.”

ஜெசி எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். “முதல்ல ஒரு டாக்டரைப் பாரு. இன்னைக்கு நீ இடது பக்கம் திரும்பவே வேண்டாம். திரும்புத நிலைமை வராம நான் பாத்துக்கிடுதேன்.”

ரைஹானத்தோடு முன்வரிசையில் ஐந்து பேர், எதிரே இந்த நான்கு பேரும் ஜெசியும். அரை மணி நேரம். மகேஸ்வரனும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

ரைஹானத் அன்றைக்கு ஆடியதுபோல் அனுராதா என்றும் பார்த்ததில்லை. கோபம் அவள் காலுக்கு இறக்கை கட்டியிருந்தது. ஒன்பதாவது நிமிஷம் பின்வரிசைச் சித்ரலேகாவை வலப்பக்கம் ஏமாற்றி இடப்பக்கம் புகுந்தாள். பந்து கோலுக்குள் பலகையில் அடித்த சத்தம் மைதானத்துக்கு வெளியே கேட்டது. மகேஸ்வரன் அனுராதாவைத் திரும்பிப் பார்த்தார்.

ஜெசி பந்தை எடுத்துப் போட்டாள். “நல்ல அடி,” என்று மனசாரச் சொன்னாள். பிறகு சித்ரலேகாவிடம், “அடிக்கதுக்கு முந்தி அவ எந்தத் தோளைத் தாழ்த்துனா?” என்று கேட்டாள்.

சித்ரலேகா யோசித்தாள். “வலது.”

“அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு நடந்ததை அனுராதாவால் யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. அதே நான்கு பெண்கள். நாற்பத்தொரு கோல் வாங்கின அதே கால்கள். “ஷம்சு, முன்னால ஏறு. இன்னும். அங்கனயே நில்லு.” ஷம்ஸியா நின்ற இடத்தில் நின்றபடி பந்தைப் பறித்தாள், திரும்ப வேண்டிய தேவையே வரவில்லை. “லேகா, தோளு.” சித்ரலேகாவின் ஸ்டிக் ரைஹானத்துக்கு முன்னால் போய் விழுந்தது. வழி இருந்த இடமெல்லாம் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. ஒரே தறியில் ஓடுகிற நூல்போல அந்த நால்வரும் நகர்ந்தார்கள். தாங்கள் செய்வதைத் தாங்களே நம்பாத ஒரு திகைப்பு அவர்கள் முகத்தில் இருந்தது. ஷம்ஸியா ஆட்டத்துக்கு நடுவே சத்தமாகச் சிரித்துவிட்டாள். மகேஸ்வரன் எப்போது எழுந்து நின்றார் என்று அவருக்கே தெரியாது.

மீதி இருபத்தொரு நிமிஷத்தில் ரைஹானத்தால் கோலைப் பார்த்து ஒரு அடி கூட அடிக்க முடியவில்லை. கடைசியில் நடு மைதானத்தில் அப்படியே நின்றுவிட்டாள். ஸ்டிக்கைத் தரையில் ஊன்றி, தலையைச் சாய்த்து அந்தக் குரலையே கேட்டுக்கொண்டு நின்றாள். பந்து அவளைத் தாண்டி உருண்டு போயிற்று.

“போதும், டீச்சர்,” என்றாள். “படிவத்தைத் தாங்க.”

கையெழுத்தைப் போட்டுவிட்டு நெடுநேரம் பேனாவைத் திருப்பித் தரவில்லை. “இவிய பின்னால நின்னா, முன்னால இருக்கவ ஒரு கோல் போட்டாப் போதும். ஜெயிச்சிரலாம். அதைப் போட நான் இங்கன இருக்க மாட்டேன், அவ்வளவுதான்.” சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அனுராதா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெசி கால் கவசத்தைக் கழற்றிக்கொண்டே கூப்பிட்டாள். “ஏளா, ரைஹானத். அந்த வலது தோளு உனக்கு முந்தி ஓடுது. அங்க போனதும் அதை மறைச்சுப் பழகு.”

“பழகிட்டா உங்களுக்கே கோல் போடுவேன்லா?”

“போடேன். அதுக்குத்தான சொல்லுதேன்.”

ரைஹானத் அந்தச் சாக்குப் பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை அவளோடு நடந்து போனாள்.

ஆவணியில் லீக் தொடங்கியது. ரைஹானத் கரிசல் அணிக்காக அந்த வருஷம் இருபது கோல் போட்டாள். அதில் ஒன்று ஜெசிக்கு. தோள் அசையவே இல்லை. பொருநை அணி போட்டது மொத்தம் பதினான்குதான். முன்வரிசையில் அவள் இல்லாத குறை கடைசிவரை குறையாகவே இருந்தது. ஆனால் வாங்கினது வெறும் பன்னிரண்டு. எட்டு அணிகளில் நான்காவது இடம். மகேஸ்வரன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மோட்டாரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கோல்கீப்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அந்த லீக்கிலேயே தை மாதம் ஒரு ஆட்டத்துக்கு ஜெசியால் வர முடியவில்லை. தங்கைக்குப் பிரசவம். பழைய கீப்பர் அன்னத்தாய்தான் நிற்க வேண்டும். பந்தைத் தடுப்பதில் கெட்டிக்காரி, ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். அனுராதா கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இன்றைக்குத் தானே கூவிப் பார்ப்பது என்று தொண்டையைச் செருமிக்கொண்டாள். எதிரணி முதல் பந்தையே வேகமாக ஏற்றி வந்தது.

“லேகா, அவளை விடு. பின்னால ஒருத்தி வாரா.”

ஷம்ஸியாவின் குரல்.

“பாத்துட்டேன். நீ ஏறு.” இது சித்ரலேகா.

பிறகு மற்ற இருவரும். நான்கு குரல்களும் மாறி மாறி ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. சிலது பிந்தி வந்தது. ஒருமுறை இரண்டு பேர் ஒரே நேரத்தில் எதிர்மாறாகச் சொல்லிவிட்டுத் தங்களுக்குள் திட்டிக்கொண்டார்கள். ஆனாலும் பந்து நின்றது. கோல் வட்டத்துக்கு வெளியே, ஷம்ஸியாவின் ஸ்டிக்கில் வந்து நின்றது. அன்னத்தாய் கையுறையை விரித்தபடி, வராத பந்துக்காகக் காத்திருந்தாள்.

அனுராதா வாயைத் திறக்கவில்லை. வலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.