கேமராவுக்கு வந்த பணம்

மின்கம்பி வேலை கற்றுத்தரும் வயர்மேன் வகுப்பில் எங்கள் ஆசிரியர் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று வரி எழுதச் சொல்வார்: என்ன செய்தேன், எதைச் சோதித்தேன், எதில் சந்தேகம் இருக்கிறது. மூன்றாவது வரியில் மற்றவர்கள் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டு எழுந்து போவார்கள். எனக்கு அந்த வரிக்குத்தான் இடம் போதாது. அதனால் தனியாக ஒரு நோட்டு வாங்கி, வகுப்புக்கு வெளியே நடப்பதையும் அப்படியே எழுதி வருகிறேன். கேமராவை விற்கப்போன கதை முழுவதும் அதில் இருக்கிறது.

பகலில் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மாலையில் உலு திராமில் வகுப்பு. இரண்டாம் கட்டத்துக்கான கட்டணத்தைச் சனிக்கிழமை நண்பகலுக்குள் கட்டவேண்டும். இல்லையென்றால் இடம் காத்திருப்பவருக்குப் போய்விடும். என்னிடம் விற்கத் தகுந்த பொருள் கேமரா ஒன்றுதான். கல்யாணங்களுக்குப் படம் எடுத்துப் பிழைக்கலாம் என்று நினைத்து வாங்கியது. மொத்தம் மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து. காதுகுத்துப் படங்களில் தாய்மாமன் எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை இணையத்தில் விளம்பரம் போட்டேன். விலை ஐயாயிரத்து இருநூறு வெள்ளி. அந்தத் தளத்தில் ஒரு பாதுகாப்பு வசதி உண்டு. வாங்குபவர் கட்டும் பணத்தைத் தளமே பிடித்து வைத்திருக்கும். பொருள் அவர் கைக்குப் போய், சரி என்று அவர் சொன்ன பிறகே விற்றவருக்குத் தரும். அதற்கு ஒரு சிறு பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்ளும். அந்த வசதியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன்.

வியாழக்கிழமை ஒருவர் கூப்பிட்டார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்து, பேசப் பேச எழுதிக்கொண்டேன்.

"தங்கச்சி, என் பேரு கமலநாதன். கேமரா இன்னும் இருக்கா?"

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நம்ம ஆளா? எந்த எஸ்டேட்டுன்னு கேளு!"

அவர் சிரித்தார். "ஆன்ட்டி கேக்குறது காதுல விழுது. நீங்க எந்தப் பக்கம் ஆன்ட்டி?"

"எங்க வீட்டுக்காரர் பண்டார் தெங்காரா பக்கம்."

"அட! நாங்களும் அந்தப் பக்கந்தான். இப்பவும் அங்கதான் இருக்கோம்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து போன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். "லயத்து வீடுங்களுக்குப் பின்னால மாரியம்மன் கோயில் இருக்குமே?"

"கோயிலுக்குப் பக்கத்துலதான் ஆன்ட்டி எங்க வீடு."

"அப்ப லாரி ஓட்டுன லெட்சுமணனைத் தெரிஞ்சிருக்கணுமே?"

"அலமாக், தெரியாமலா? எங்க அப்பாவுக்கு ரொம்பப் பழக்கம்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எங்களில் யாரைச் சந்தித்தாலும் முதலில் கேட்பது இதுதான். எங்கள் முன்னோர் வேலை செய்த ரப்பர் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆனாலும் பதில் சொன்னவர் அந்த நொடியே சொந்தக்காரர் ஆகிவிடுகிறார்.

"நமக்குள்ள எதுக்கு தங்கச்சி அந்தக் கமிஷன்?" என்றார் கமலநாதன். "நேரா உங்க பேங்குல போட்டுடறேன். காசு ஏறினப்புறம் குடுங்க. கேமராவை எடுக்க ரன்னரை அனுப்புறேன், அவரு எங்க வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துடுவாரு."

நான் தயங்கினேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். சரி என்றேன். அன்று எழுதியது: 'ரசீதுப் படத்தை நம்பக்கூடாது. பணம் ஏறியதை என் வங்கிக் கணக்கில் நானே பார்க்கவேண்டும். அதற்குமேல் சந்தேகப்பட்டால் அது மரியாதை இல்லை.'

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்குப் பணம் ஏறியது. முழுத்தொகை. நானே பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் வாசலில் ஒரு சின்ன கார் வந்து நின்றது. ரன்னர் இறங்கி வந்தார்.

கேமராப் பெட்டியைக் கையில் எடுத்த பிறகும் எனக்கு வங்கிக் கணக்கை இன்னொரு முறை பார்க்கவேண்டும் போலிருந்தது. அனுப்பியவர் பெயர் சம்சாத் பேகம். கமலநாதனுக்குச் செய்தி அனுப்பினேன். 'தங்கச்சி, அது எங்க மேனேஜர், அவங்க அக்கவுண்ட்லேர்ந்து போட்டாங்க' என்று உடனே பதில் வந்தது. சரியான பதில்தான். ஆனால் பெயருக்குக் கீழே, பணம் எதற்கு என்று அனுப்பியவர் குறிப்பிடும் இடத்தில், மலாயில் 'வாடகை வீட்டு முன்பணம்' என்று இருந்தது.

"சிஸ், இன்னும் நாலு டெலிவரி இருக்கு," என்றார் ரன்னர்.

"எங்க கொண்டுபோறீங்க?"

"லார்க்கின். கார் பார்க்ல ஒருத்தர் நிப்பாராம்."

பண்டார் தெங்காராவில் இருப்பவரின் வீடு லார்க்கின் கார் பார்க்கில் எப்படி இருக்கும்? பெட்டியை இடுக்கிக்கொண்டு உள்ளே ஓடி நோட்டைத் திறந்தேன். முந்தைய நாள் உரையாடல் வரிவரியாக இருந்தது. ஊர்ப்பெயர் அம்மா சொன்னது. கோயில் அம்மா சொன்னது. லெட்சுமணன் அம்மா சொன்னது. கமலநாதன் தானாகச் சொன்னது தன் பெயர் மட்டும்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் நோட்டை வாங்கி, கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். "அப்ப எல்லாத்தையும் நாந்தான் எடுத்துக் குடுத்தனா?"

போன் அடித்தது. "என்ன தங்கச்சி, ரன்னர் நிக்கிறாராமே?" குரல் இனிமையாகவே இருந்தது. பணம் வேறு யாருடையதோ போலிருக்கிறது என்றேன். குரல் மாறியது. "காச வாங்கிட்டு பொருளைக் குடுக்காட்டி அதுக்கு என்ன பேரு தெரியுமா? திருட்டு. நான் போலிஸ்ல ரிப்போர்ட் போடுவேன்."

அவர் சொல்வது சரியாக இருந்தால்? பணம் என்னிடம், பொருளும் என்னிடம். ஒரு நல்ல மனிதரை நான்தான் ஏமாற்றுகிறேனோ? கதவருகே போய்ப் பெட்டியைக் கொடுத்தே இருப்பேன். அப்போது அம்மா, "ரிப்போர்ட் போடுறதுன்னா அவரு ஸ்டேஷனுக்கு வரணும்ல?" என்றார்.

"அண்ணே," என்றேன், "அப்ப போலிஸ் ஸ்டேஷனுக்கே வாங்க. அங்க வச்சு உங்க கையில குடுக்குறேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. சற்று நேரத்தில் ரன்னர் தன் போனைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "கேன்சல் பண்ணிட்டான் சிஸ். நான் வெறும் எடுத்துட்டுப் போற ஆளு லா, எனக்கு ஒண்ணும் தெரியாது." அம்மா அவருக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்.

வங்கியின் அவசர எண்ணைக் கூப்பிட்டேன். என் கணக்கை முடக்கி வைப்பதாகவும், மறுநாள் போலிஸில் புகார் செய்யும்படியும் சொன்னார்கள். முடங்கிய கணக்கில் என் சம்பளமும் இருந்தது.

சனிக்கிழமை காலை கேமராவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போலிஸ் நிலையத்துக்குப் போனேன். என் பெயரைச் சொன்னதும் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். என்மேல் ஏற்கெனவே ஒரு புகார் இருந்தது. கொடுத்தவர் பின்னால் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். முக்காடு போட்ட, ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்.

"நீதானா லோஷினி?" என்று எழுந்தார். "என் காச வாங்கிட்டு வீடும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! பாக்க நல்ல புள்ளயா இருக்கே, வெக்கமா இல்ல?"

நோட்டை நீட்டினேன். சம்சாத் பேகம் நின்றபடியே படித்தார், ஒரு பக்கம், இரண்டு பக்கம். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"எங்கிட்ட அவன் பேரு நாசர்," என்றார். "மூணு ரூம் வீடு, உடனே காசு போட்டாத்தான் சாவின்னான். யோசிச்சேன். அத்தாவோட பூர்வீக ஊரு எதுன்னு கேட்டான். கடையநல்லூருன்னேன். அவனும் கடையநல்லூராம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர்தான் முதலில் சிரித்தார். கண்ணில் நீர் இருந்தது. மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸ் விற்கும் கடையில் மூன்று வருடம் சேர்த்த பணம் என்றார். இருக்கும் வீட்டை மாதக் கடைசியில் காலி செய்யவேண்டும்.

அதிகாரி விளக்கினார். என் கேமராவுக்கு விலையாக அந்த ஆள் இவருடைய பணத்தை என் கணக்கில் போடவைத்திருக்கிறான். கேமராவைக் கொடுத்திருந்தால் அவன் பொருளோடு போயிருப்பான். கையில் பணம் வாங்கியவளாக நான் நின்றிருப்பேன். கணக்கின் முடக்கத்தை எடுத்தால் இப்போதே நானே திருப்பி அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன். கூடாது, வங்கியே உரியவருக்குத் திருப்பும், அதற்குச் சில நாளாகும் என்றார்.

வாக்குமூலம் கொடுத்து முடித்தபோது சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே கால். வகுப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். என் இடத்தை அப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

"என்னம்மா?" என்றார் சம்சாத் பேகம். சொன்னேன்.

"எங்காசை எடுத்துக் கட்டியிருக்கலாமே நேத்தே. யாருக்குத் தெரியப்போவுது?"

"அடுத்த வகுப்பு ஜனவரியில இருக்கு ஆன்ட்டி."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "நாளைக்கு ஒரு வீடு பாக்கப் போறேன். இந்தத் தடவை நேர்ல. நீயும் வாயேன், வயரிங்கெல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாத்துச் சொல்லு."

"எனக்கு இன்னும் லைசென்ஸ் இல்ல ஆன்ட்டி. பாதிதான் படிச்சிருக்கேன். தப்பாச் சொல்லிட்டா?"

"அப்ப தெரிஞ்ச பாதியைப் பாரு," என்றார். "பத்து மணிக்கு வந்து ஏத்திக்கிறேன்."