விவியனின் நாலாவது சாவு

பர்பாங்க் ஸ்டூடியோவில் திங்கட்கிழமை காலை ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும் நடிகர்கள் எல்லோரும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். நாம் உயிரோடு இருக்கிறோமா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் காப்பி. டோரிண்டா பாஷ்கே இருபத்தேழு வருஷமாக இந்த ஒழுங்கைத் தவறவிட்டதில்லை. அன்றைக்குக் கடைசிப் பக்கத்தில் அவள் செத்திருந்தாள்.

சாவதைப் பற்றி அவளுக்குக் கவலை ஒன்றுமில்லை. 'ஃபேரோ குன்று' என்ற அந்தப் பகல்நேரத் தொடரில் அவள் நடிக்கும் விவியன் ஆஷ்பி ஏற்கெனவே மூன்று தடவை செத்தவள். ஒருமுறை விமானம் விழுந்தது, ஒருமுறை படகு கவிழ்ந்தது, ஒருமுறை ஐந்தாவது கணவன் சுரங்கத்துக்குள் தள்ளிவிட்டான். மூன்று முறையும் பிணம் கிடைக்கவில்லை. பிணம் கிடைக்காத சாவுக்கு அந்தத் தொழிலில் சாவு என்று பெயரில்லை. சம்பளமில்லாத விடுமுறை என்று பெயர். நாலு மாதமோ ஆறு மாதமோ கழித்து, தலையில் ஒரு கட்டோடும் புதுச் சிகையலங்காரத்தோடும் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கலாம்.

இந்த முறை அச்சில் இருந்தது வேறு. 'திறந்த சவப்பெட்டி. உள்ளே விவியன். கேமரா முகத்தை நெருங்குகிறது.'

"நில்டா, இதப் படிச்சியா?" என்று மேக்கப் நாற்காலியிலிருந்து கேட்டாள்.

நில்டா பதினெட்டு வருஷமாக அவள் முகத்தில் வேலை பார்ப்பவள். அந்த முகத்தைப் பற்றி அவளிடம் எந்தப் பொய்யும் செல்லாது.

"படிச்சேன் டோரி. பெட்டிக்குள்ள உனக்கு எந்தக் கலர் உதட்டுச்சாயம் எடுக்கும்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்."

"நல்லாருக்குடி ஒன் விசுவாசம்."

"பவளக் கலர் போட்டா ஏழு வயசு கொறையும். செத்தப்புறமாவது ஏஜென்ட் சொல்ற வயசுக்கு வந்துடுவ."

ஏஜென்டின் காகிதத்தில் டோரிண்டாவுக்கு ஐம்பத்து நாலு. முட்டி டாக்டரிடம் மட்டும் அறுபத்தொன்று. டொலீடோவில் பழைய கார் விற்பவரின் மகளாகப் பிறந்து, பத்தொன்பது வயதில் பஸ் ஏறி வந்தவள். முதல் வேலை ஒரு பற்பசை விளம்பரம். சிரிப்பு அவளுடையது, பற்கள் வேறொருத்தியுடையவை. பிறகு இரண்டு சினிமா. முதலாவதில் ராட்சச நண்டு ஒன்று பதினோராவது நிமிஷத்தில் அவளைத் தின்றது. இரண்டாவது பெண்கள் சிறைப் படம். பேசியது ஒன்பது வார்த்தை, படத்தில் மிஞ்சியது மூன்று. இரண்டு போலீஸ் தொடர்களில் பிணம். 1976-ல் கதாநாயகனை அறைவதற்கென்று மூன்று நாள் வேலைக்கு 'ஃபேரோ குன்று'க்குப் போனாள். அறை நன்றாக விழுந்துவிட்டது. அங்கேயே தங்கிவிட்டாள். விவியனுக்கு ஏழு கல்யாணம்; அதற்கு நடுவே டோரிண்டாவுக்குத் தனக்கென்று இரண்டு செய்துகொள்ளத்தான் நேரம் கிடைத்தது. இரண்டும் நிற்கவில்லை. விவியன் நின்றாள்.

ஏஜென்ட் ஹெர்ஷ் கிராபினைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"ஹெர்ஷ், திறந்த பெட்டி."

"எவ்ளோ தொறந்திருக்கு?"

"முழுசா. மூஞ்சி தெரியுது."

மறுமுனையில் ஹெர்ஷ் எதையோ மென்று விழுங்கும் சத்தம் கேட்டது. "சரி, மனசத் தளரவிடாத. மூட்டுவலி மாத்திரைக்கு ஒரு விளம்பரம் வந்திருக்கு. ஒன்னத்தான் கேக்கறாங்க."

"மாத்திரைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. பின்னாடிக்கு ஒரு சின்னப் பொண்ணு இருக்கு."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் காலை ஆறு மணிக்கு வாசல் காவலாளி அவளை "வாங்க விவியன்" என்றுதான் உள்ளே விடுவான். இருபத்தேழு வருஷத்தில் ஒருவரும் ஆறு மணிக்கு அவளை டோரிண்டா என்று கூப்பிட்டதில்லை. அந்தப் பெட்டிக்குள் முகத்தைக் காட்டிவிட்டால் அடுத்த திங்கட்கிழமை ஆறு மணிக்கு என்ன செய்வது என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

தயாரிப்பாளர் பிராக் லிண்ட்க்விஸ்டுக்கு முப்பத்தாறு வயது. அவள் முதல் தடவை சாகும்போது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். ஒரு டஜன் டோனட்டோடு அவன் அறைக்குப் போய் உட்கார்ந்தாள்.

"பெட்டிய மூடிடு, பிராக்."

"முடியாது டோரி. ஜனங்கள மூணு தடவ ஏமாத்திட்டோம். மூஞ்சியக் காட்டலன்னா இந்தத் தடவ ஒருத்தரும் அழமாட்டாங்க."

"அப்ப எரிச்சுடு. சாம்பலக் காட்டு. சாம்பல் யாரோடதா வேணா இருக்கலாம்."

"டோரி..."

"கறுப்பு வலை? மூஞ்சி மேல மெல்லிசா?"

"டோரி, வெள்ளிக்கிழமை சாயந்திரம் கேக் வெட்டறோம். சொல்லியாச்சு."

அந்த ஊரில் ஒருவரை வழியனுப்பக் கேக் சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. டோரிண்டாவும் தோள் தளர்ந்து எழுந்தாள். கதவுவரை போனவள், ஏதோ போனால் போகிறது என்பதுபோலத் திரும்பினாள்.

"கையாவது வெளிய இருக்கட்டுமா? மக புடிச்சுக்கிட்டு அழறதுக்கு."

கேட்டதையெல்லாம் மறுத்த சங்கடத்தில் இருந்த பிராக், இதையாவது கொடுத்துவிடலாமே என்று மலர்ந்து போனான். "தாராளமா! ரெண்டு கையும் வெச்சுக்கோங்க!"

"ஒண்ணு போதும்," என்றாள் டோரிண்டா.

அங்கிருந்து நேரே டெலனி ஸ்ட்ராடின் அறைக்குப் போனாள். விவியனின் மகளாக எட்டு வருஷமாக நடிக்கும் பெண், இருபத்தாறு வயது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நாலு நிமிஷம் பேசும் காட்சி அவளுக்கு. அந்த வருஷ நடிப்புப் பரிசுக்கு அதைத்தான் அனுப்புவது என்று முடிவு பண்ணியிருந்தாள். ஒரே ஒரு சிக்கல், அவளுக்கு அழ வராது. எட்டு வருஷமும் கண்ணுக்குக் கீழே மென்தால் குச்சியைத் தடவித்தான் ஓட்டினாள்.

"ஒனக்கு நெஜமா அழுகை வரணுமா?"

"வராது டோரி. எங்க நாயி செத்தப்பவே வரல."

"நான் வரவெக்கறேன். பதிலுக்கு, பேசி முடிக்கிற வரைக்கும் என் கைய விடக்கூடாது. தூக்கி ஒன் கன்னத்தோட வெச்சுக்கோ."

"அவ்ளோதானா?" டெலனி சந்தேகமாகப் பார்த்தாள். "போன மாசம் என் வசனத்த நடுவுல தும்மிக் கெடுத்த ஆளு நீங்க."

"அது ஒவ்வாமை. இது வியாபாரம்."

வெள்ளிக்கிழமை எண்பத்திரண்டு பக்கம் எடுத்தாக வேண்டும். பகல்நேரத் தொடரில் ஒரு காட்சிக்கு ஒரு தடவைதான். வசனம் தடுக்கினாலும், கதவுப்பிடி கையோடு வந்தாலும் அப்படியே போகும். சுவர் சரிந்து ஆள்மேல் விழுந்தால் மட்டும் இன்னொரு தடவை. ஒருவன் தன் மனைவியைப் பழைய மனைவியின் பெயரால் கூப்பிட்டது அப்படியே ஒளிபரப்பாகி, அதை விளக்குவதற்கு எழுத்தாளர்கள் அரை வருஷம் கதை பண்ணினார்கள். ஆறு மணி தாண்டினால் கேமராக்காரர்களுக்கும் விளக்குக்காரர்களுக்கும் இரட்டைக் கூலி. சவப்பெட்டிக் காட்சிக்கு வந்து சேரும்போது மணி ஐந்தே முக்கால்.

டோரிண்டா வெள்ளைப் பட்டுக்குள், பவள உதட்டோடு, ஏழு வயது குறைந்து படுத்திருந்தாள். டெலனி அவள் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு குனிந்தாள். விளக்குகள் ஏறும் நேரத்தில் டோரிண்டா உதடு அசையாமல் சொன்னாள்: "என்னப் பாக்காத கண்ணு. முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு இதுல படுத்திருக்கப் போறது நீ. ஒனக்குப் பின்னாடி மூணாவது கேமராகிட்ட நிக்கறா பாரு, புதுசா எடுத்திருக்காங்களே, பத்தொம்பது வயசு. அவதான் அன்னிக்கு ஒன் கையப் புடிச்சுக்கிட்டு நிப்பா."

டெலனி திரும்பிப் பார்த்தாள். திரும்பி வந்த முகம் வேறாக இருந்தது.

கண்ணீர் வந்தது, மூக்கும் வந்தது. நாலு நிமிஷம் ஒரு வார்த்தை பிசகவில்லை. மூன்று கேமராவும் அந்த முகத்தையும் அதோடு ஒட்டியிருந்த கையையும் விட்டு நகரவில்லை. விளக்குக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போயிட்டு வாம்மா" என்று டெலனி கடைசி வசனத்தைச் சொன்னபோது, செத்துப்போன விவியனின் கட்டைவிரல் அவள் கன்னத்தை மெதுவாக ஒருமுறை தடவிக் கொடுத்தது.

டெலனி வீலென்று அலறினாள். எழுதிக்கொடுத்தால் அப்படி அலற முடியாது.

"கை அசஞ்சுதா?" மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒலிபெருக்கியில் பிராக்கின் குரல் இறங்கியது. "யாராவது பாத்தீங்களா? டோரி! கை அசஞ்சுதா?"

கண்ணைத் திறக்காமல் டோரிண்டா சொன்னாள்: "செத்தவகிட்டயா கேக்கற?"

"இன்னொரு தடவ எடுப்போம்!"

"மாட்டேன்!" டெலனி மூக்கை உறிஞ்சினாள். "என்னால இன்னொரு தடவ முடியாது பிராக். இதுதான் போகணும். அலறலோட போகணும்!"

நில்டா பவுடர் பஞ்சோடு மெதுவாக நடந்து வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சு அம்பத்தாறு," என்று யாருக்கென்றில்லாமல் அறிவித்தாள்.

கையை வெட்டினால் டெலனியின் முகத்தையும் வெட்ட வேண்டும் என்று படத்தொகுப்பாளர் அன்று சாயந்திரமே சொல்லிவிட்டார். கேக்கை மட்டும் வெட்டிச் சாப்பிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அது ஒளிபரப்பானபோது ஸ்டூடியோவின் தொலைபேசிகள் மூச்சுவிடவில்லை. உயிரோடு இருப்பவளைப் புதைக்கிறீர்களே, நீங்கள் மனுஷர்களா என்று நெப்ராஸ்காவிலிருந்து ஒரு சர்ச்சுக் குழுவே கையெழுத்துப் போட்டு அனுப்பியது. ஒரு பிரேதப் பரிசோதனை டாக்டர் தன் சேவையை இலவசமாகவே தருவதாக எழுதினார். நான்காம் நாள் பிராக் டோரிண்டாவையும் ஹெர்ஷையும் கூப்பிட்டனுப்பினான். அவனுக்குக் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"சரி, விவியன் சாகல. சந்தோஷமா? கோமா. ஒரு வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருக்கீங்க. அடுத்த வாரம் வந்துடுங்க." அவன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. "ஆனா வசனம் கெடையாது."

ஹெர்ஷின் முகம் சுருங்கியது. நடிகர் சங்கத்தின் விதி அது: வாய் திறக்காதவருக்குக் கூட்டத்தில் நிற்பவரின் கூலி, ஐந்து வரிவரை பேசினால் அரைக் கூலி, ஆறாவது வரியில்தான் நடிகர் நடிகராவார்.

டோரிண்டா அவசரப்படவில்லை. கைப்பையைத் திறந்து, மூடினாள்.

"ஹெர்ஷ், முனகினா அது வசனமா?"

ஹெர்ஷ் யோசித்தார். கண் மெதுவாக விரிந்தது. "ஸ்கிரிப்ட்ல எழுதியிருந்தா வசனம்தான்."

"தெனம் எட்டு முனகல்," என்றாள் டோரிண்டா.

"ரெண்டு," என்றான் பிராக்.

"ஏழு."

"டோரி, கோமால கெடக்கறவ ஏழு தடவ முனகினா, எழுந்து ஒக்காந்து காப்பி கேப்பா!"

"கேக்கட்டும். அது எட்டாவது வரி."

"நாலு. அதுக்கு மேல ஆஸ்பத்திரியே தாங்காது."

"நெப்ராஸ்கா நம்பர் என்கிட்ட இருக்கு, பிராக்."

ஆறில் முடிந்தது. ஆறாவது கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும் என்று ஹெர்ஷ் கையாலேயே எழுதிச் சேர்த்தார்.

லிஃப்டில் இறங்கும்போது டோரிண்டா அந்த ஆறாவதைக் கண்மூடி ஒத்திகை பார்த்தாள். கூட வந்துகொண்டிருந்த கணக்குப் பிரிவு ஆட்கள் இரண்டு பேர் பதறிப்போய், டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்கள்.