குமிழைத் தள்ளிய கை

“பிளக்கை நீ சரியா மாட்டல மாப்ளே—”

“மாட்டினேன்! எட்டு பிளக்கையும் கழுவித் துடைச்சு, என் கையால—”

“அப்போ இன்ஜின் ஏன் இருமுச்சு?”

“கார்புரேட்டர்ல ஐஸ் பிடிச்சா இருமாம, தாலாட்டா பாடும்?”

அந்த இன்ஜின் இருமி முப்பத்தொரு வருஷம் கழித்து என் கணவரும் என் தம்பியும் பேசிக்கொண்ட அழகு இது. எங்கள் சின்ன விமானத்தை விற்றாகிவிட்டது. நாலு மணிக்கு லாரி வரும். கடைசியாக ஒருமுறை பார்க்க வந்த தம்பி, இறக்கையைத் தடவி, “இளைச்சுட்டியேடி” என்றான். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அன்று அவர் ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில். ஈர மேகத்தை ஒட்டிப் போகும்போது சத்தம் தேய்ந்தது. வானத்தில் அவர் கத்தாமல் பேசி நான் கேட்டது அன்றுதான்: “பெல்ட்டை இறுக்கிக்கோம்மா.” ஓடுதளத்தை அடுத்து, அறுவடை முடிந்த வயல் ஒன்றில் மூன்று முறை குதித்து நின்றோம். தம்பி நெல்தாள்களை மிதித்துக்கொண்டு அழுதபடி ஓடிவந்தான். இறக்கை நிழலில் மூவரும் ஒரே ஃபிளாஸ்க் மூடியில் டீ குடித்தோம். அந்த ருசி பிறகு எந்த டீக்கும் வாய்க்கவில்லை.

ஆய்வுக்கு வந்தவர்கள் இன்ஜினைத் திறந்தபோது ஐஸ் உருகிப் போயிருந்தது. ‘பிளக் கோளாறாக இருக்கலாம்’ என்று என் கணவர் எழுதிக் கொடுத்தார். மெக்கானிக் தம்பி ஸ்பேனரை வைத்துவிட்டுப் போனவன், தண்ணீர் பம்பு ரிப்பேர் பார்த்தே கிழவனானான்.

“அத்தான், இது போறதுக்குள்ள என் மேல இருக்கிற பழிய எறக்கி வைங்க. ஐஸை உருக்குற சூடுகாத்துக் குமிழை இழுத்தீங்களா?”

“இழுத்தேன்.”

“இழுத்ததும் இன்னும் மோசமா குலுங்கும். உருகின தண்ணி உள்ள போகுதில்ல? அரை நிமிஷம் பொறுத்தா தெளிஞ்சுடும். பொறுத்தீங்களா?”

“பொறுத்தேன்டா. சும்மா கேட்டதையே கேக்காத.”

என் வாய் என்னைக் கேட்கவில்லை.

“இல்லீங்க. குலுங்கினதும் பயந்துபோய் குமிழைத் திரும்ப உள்ள தள்ளிட்டீங்க. நான் பாத்தேன்.”

அவர் விமானத்தின் சக்கரத்தின் மேல் மெல்ல உட்கார்ந்தார். “ஆமா மாப்ளே” என்றார், தரையைப் பார்த்து.

தம்பி அவரைப் பார்க்கவில்லை. வாசலில் லாரி ஹாரன் அடித்தது. அவன் என் பக்கம் திரும்பினான்.

“உனக்குத் தெரியுமா அக்கா? இத்தனை வருஷமும்?”