பதினாறு நாள் பிந்திய ஆம்ப்ளிஃபயர்

நெட்டையன் வாசித்ததை அவனுடைய ஆம்ப்ளிஃபயர் பதினாறு நாள் கழித்துத்தான் வெளியே விட்டது. இதைக் கண்டுபிடித்தவள் வால்வக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு வேறு இருந்தது; ஆனால் கண்ணாடி வால்வு போட்ட கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களைத் தவிர வேறு எதையும் பழுது பார்க்கமாட்டாள் என்பதால் தெருவே அவளை அப்படிக் கூப்பிட்டுப் பழகி, கடைசியில் மின்சார பில்லும் அந்தப் பெயரிலேயே வர ஆரம்பித்திருந்தது. ஒரு ஷட்டர் அகலக் கடை. மேஜைமேல் மீட்டர், சாலிடரிங் அயர்ன், எரிந்துபோன வால்வுகள் நிறைந்த ஊறுகாய் ஜாடி. சுவரில் கம்பி கழற்றிய கிட்டார்கள். ஒட்டிய அடுத்த கடை அவள் தங்கையின் சலவைக்கடை. அங்கே மூன்று மெஷின்கள் காலையிலிருந்து சாயங்காலம்வரை குலுங்கிக்கொண்டிருக்க, நடுச்சுவரில் இருந்த ஜன்னல் வழியாகத் தங்கையின் பேச்சும் சோப்பு வாசனையும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும்.

நெட்டையன் கல்யாண மண்டபங்களிலும் கம்பெனி விழாக்களிலும் வாசிக்கிற நாலு பேர் குழுவில் கிட்டார்காரன். நாற்பத்திரண்டு வயது, ஆறடிக்கு மேல் உயரம், வாசல் எதுவானாலும் ஒரு கும்பிடு போட்டது மாதிரி குனிந்துதான் நுழைவான். மூடிப்போன ஒரு நடன அரங்கின் சாமான்களோடு அந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கி, மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வந்தான். "விளக்கெல்லாம் எரியுதுங்க. சத்தம் மட்டும் இல்ல" என்றான். அவள் எதிரிலேயே செருகிப் பத்து நிமிஷம் வாசித்தும் காட்டினான். வால்வுகள் நாலும் அழகாக ஆரஞ்சு நிறத்தில் எரிந்தன, ஸ்பீக்கர் காய்ந்த வாழைச்சருகு போலச் சும்மா இருந்தது.

வால்வக்கா ஆம்ப்ளிஃபயரை அணைக்காமலே வழக்கமாகச் செய்கிற எல்லாவற்றையும் செய்தாள். மரக்குச்சியால் ஒவ்வொரு வால்வையும் தட்டிப் பார்த்தாள், டிரான்ஸ்ஃபார்மரை அளந்தாள், ஸ்பீக்கரைத் தனியே கழற்றி பேட்டரியில் தொட்டாள். அது நல்ல பிள்ளையாக 'டப்' என்றது. ஒரு குறையும் இல்லை. சில பழுதுகள் நாள் கணக்கில் சூடேறினால்தான் வெளியே தெரியும் என்பதால் ஆம்ப்ளிஃபயரை அப்படியே எரியவிட்டு ஓரமாக வைத்தாள். பதினாறாம் நாள் காலை பதினொன்று ஐந்துக்கு அது தானாக வாசிக்க ஆரம்பித்தது. பத்து நிமிஷம், ஒரு சுரம் குறையாமல், நடுவில் நெட்டையன் இருமிக்கொண்டு நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அவன் மறுபடி ஆரம்பித்த இடத்தில் ஆரம்பித்து. ஜன்னலில் தலை நீட்டிய தங்கை, "சரியாயிடுச்சாக்கா?" என்று கேட்டாள். "சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் லேட்டு" என்றாள் வால்வக்கா.

பிறகு சோதித்ததில் இரண்டு விஷயங்கள் உறுதியாயின. தாமதம் எப்போதும் பதினாறு நாள். ஒரு நிமிஷம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இடையில் ஒரு நொடி அணைத்தாலும் உள்ளே இருந்தது போய்விடும், திரும்ப வராது. இரண்டாம் மாதம் அவள் காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டாள். குகைக்குள் வாசிப்பது போன்ற எதிரொலிக்காக அடியில் ஒரு தகரப் பெட்டியில் நீளமான ஸ்பிரிங்குகள் இருக்கும். அதில் ஒரு ஈயப் பற்று பளபளப்பில்லாமல் சாம்பல் பூத்துக் கிடந்தது. சூடான அயர்னை மூன்று நொடி வைத்தால் தீர்ந்தது. பதினாறு நாள் தாமதத்தை நெட்டையனிடம் சொன்னவள், இதை மட்டும் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒருநாள் அவன் வந்து, ஸ்டூலில் முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்து, "ஏதாவது தெரிஞ்சுதாங்க?" என்று கேட்பான். "இன்னும் பாக்கணும்" என்பாள். அவன் முகத்தில் வருத்தமே தெரியாது. மண்டபங்களுக்கு அவனிடம் வேறு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டுப் போவான். இப்படி ஏழு மாதம் ஓடியது. "மூணு நொடி வேலைக்கு ஏழு மாசம்" என்று தங்கை சட்டையை உதறியபடி சொன்னாள். "எனக்குக் கறை போகாத சட்டைன்னா அடுத்த நாளே திருப்பிக் கொடுத்துடுவேன்ப்பா."

ஒருநாள் செம்புக் கம்பி வாங்கிவர வால்வக்கா வெளியே போயிருந்தாள். திரும்பியபோது கடைக்குள் நெட்டையன் வாசித்துக்கொண்டிருந்தான். சலவை மெஷின்களின் இரைச்சலில் கிட்டார் கம்பியின் கொசுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவள் உள்ளே போகாமல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கம்பிச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, அவனுடைய இடது கை விரல்கள் ஏறுவதையும் இறங்குவதையும் மட்டும் நாற்பது நிமிஷம் பார்த்தாள். என்ன பாட்டென்று கண்டுபிடிக்க முடியவில்லை. முடித்ததும் அவளைக் கண்டு திடுக்கிட்டு எழுந்தவன் தலையை ட்யூப்லைட்டில் இடித்துக்கொண்டான். "இத மட்டும் அணைச்சிடாதீங்க. பதினாறு நாள்" என்று சொல்லிவிட்டு, கும்பிடு போட மறந்து, நிலையிலும் ஒரு இடி இடித்துக்கொண்டு போனான். கரண்ட் போனாலும் எரியட்டும் என்று அவள் அன்றே கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் பெரிய பேட்டரி ஒன்றை இரவல் வாங்கி மாட்டினாள்.

ஒன்பதாம் நாள், ஒரு மண்டபத்து வாசலில் வேனிலிருந்து இறக்கும்போது ஸ்பீக்கர் பெட்டி நழுவி நெட்டையனின் இடது கைமேல் விழுந்தது. எலும்பு நாலு இடத்தில் முறிந்தது. மாவுக்கட்டு போட்ட மருத்துவர், கட்டுப் பிரித்தாலும் சுண்டு விரலும் மோதிர விரலும் இனி மடங்காது என்றார். குழுவில் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். அவன் மறுநாளிலிருந்து தினமும் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். அவன் ஐந்து விரலாலும் வாசித்தது உலகத்தில் கடைசியாக எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அது மேஜை ஓரத்தில் சூடாக எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதன் பக்கம் பார்க்காமல் பேசப் பழகினார்கள்.

பதினான்காம் நாள் நடுப்பகலில் மூன்றாவது வால்வு சிவந்தது. ஆரஞ்சு வெளிச்சம் வால்வின் உயிர். உள்ளே இருக்கிற தகடே பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரி சிவந்தால் அதன் சாவு. அப்படியே விட்டால் கால்மணியில் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். உடனே அணைக்க வேண்டும், ஆறவிட வேண்டும், அப்புறம்தான் தொட வேண்டும். வால்வக்காவின் கை சுவிட்சுக்குப் போய் நின்றது.

"அணைச்சிடுங்க" என்றான் நெட்டையன். "போனா போகுது."

"உள்ள என்ன இருக்கு?"

"பாட்டுதாங்க."

"என்ன பாட்டு?"

அவன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் வால்வைவிடச் சிவந்திருந்தது. "சொல்ல வரலிங்க. சொல்ல வந்திருந்தா ஏன் வாசிக்கப் போறேன்?"

"அப்ப டார்ச்சைப் புடிங்க" என்றாள் அவள்.

எரிகிற ஆம்ப்ளிஃபயரில் வால்வு மாற்றலாம் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. உள்ளே நானூற்றைம்பது வோல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தொழிலில் உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் கடைப்பிடிக்கிற விதி ஒன்று உண்டு: கரண்ட் இருக்கும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள், இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகக் குறுக்கே பாயும். அவள் இடது கையைப் பின்னால் மடக்கிக்கொண்டாள். அவனுக்கும் இருந்தது வலது கை ஒன்றுதான். ஆக இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு கை. ஒன்று வெளிச்சம் காட்ட, ஒன்று வேலை செய்ய. ஜன்னலில் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, மூன்று மெஷின்களையும் யாரோ நிறுத்தியிருந்தார்கள். வால்வக்கா தடிமனான துணியைச் சுற்றிச் செத்த வால்வை மெல்ல ஆட்டி, நேராக மேலே இழுத்தாள். துணி கருகியது. மீதி மூன்றும் ஒருமுறை மங்கிப் பிறகு நிமிர்ந்தன. புது வால்வைப் பள்ளம் பார்த்து வைத்து அழுத்தினாள். அரை நிமிஷம் அது குளிர்ந்து கிடந்தது, பிறகு மெதுவாக ஆரஞ்சுக்கு வந்தது. அவள் பின்னால் கட்டிய கையை எடுக்க முயன்று முடியாமல், "கொஞ்சம் இதை நீட்டி விடுங்க, மரத்துப் போச்சு" என்றாள். அவன் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

பதினாறாம் நாள் பாட்டு வந்தது. சலவைத் துணி வாங்க வந்தவர்களும் கம்ப்யூட்டர் கடைக்காரரும் உட்படப் பதினோரு பேர் கேட்டார்கள். அது யாரும் அறிந்த பாட்டு இல்லை. நாலு அடி போகும், வளையும், முடிவதற்குள் வேறு ஒன்றாகும். வால்வக்கா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். எங்கோ கேட்டது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. தங்கைதான் முதலில் கத்தினாள்: "அக்கா, இது நீ முனகுறதுல்ல? ஈயம் வைக்கும்போது முனகுவியே, அது!" தான் முனகுவதே வால்வக்காவுக்கு அதுவரை தெரியாது. ஏழு மாதமாக அவள் பாதியில் விட்ட எல்லா முனகல்களையும் அவன் பொறுக்கி வைத்திருந்து, ஒவ்வொன்றையும் முடித்துக் கொடுத்திருந்தான். நாற்பதாவது நிமிஷம் ஸ்பீக்கர் ஓய்ந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கருகிய துணியால் துடைத்ததில் கன்னமெல்லாம் கரியாகி, "நீ முன்னாடியே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்" என்றாள். ஏழு மாதத்தில் அவள் அவனை 'நீ' என்றது அதுவே முதல் தடவை. அவன் எழுந்தான், ட்யூப்லைட்டில் இடித்துக்கொண்டான்.

பதிவு அலுவலகத்தில் தங்கை சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் குடித்தனம். மருத்துவர் சொன்னபடியே இரண்டு விரல்கள் மடங்கவில்லை; மீதி விரல்களும் ஒரு இரும்புக் குழாய்த் துண்டும் வைத்துக்கொண்டு, கம்பிமேல் வழுக்கி வழுக்கி வாசிக்க அவனுக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. பழைய குழு திரும்பக் கூப்பிட்டது. அவன் புதுக் குழு சேர்த்துக்கொண்டான். மண்டபக்காரர்கள் சீக்கிரமே பழகிவிட்டார்கள். பதினாறு நாளைக்கு முன்னால் சொல்லிவிட்டால் கிட்டார்காரன் வீட்டிலேயே வாசித்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரைப் பேட்டரியோடு எரிய எரிய வேனில் ஏற்றிக்கொண்டு வருவான், விழாவன்று மனைவியோடு முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பான். டிரம்ஸ்காரர் மட்டும் ஆரம்பத்தில் கொஞ்ச நாள் திட்டினார். ஈயப் பற்றை யாரும் தொடவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வால்வுகளை மாற்றுவார்கள், அவள் ஒரு கையாலும் அவன் ஒரு கையாலும்.

எல்லா வீட்டையும் போல அங்கேயும் சண்டை வந்தது. வந்தால் அவன் பதில் பேசமாட்டான், போய் கிட்டாரைச் செருகி ஒரு பத்து நிமிஷம் சத்தமில்லாமல் விளாசுவான். பதினாறு நாள் கழித்து, இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூரை அதிர அது வெளியே வரும். "இது எதுக்கு?" என்று அவள் கேட்பாள். அவன் யோசித்துப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான். அவள் எழுந்து போய் வால்யூமைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வந்து மறுபடி சாப்பிட உட்காருவாள்.