மீனுக்கு வந்த தண்ணீர்

"இந்த வயரக் கழத்துனது யாரு?"

"நாந்தாண்ணே. ஐஸ் பெட்டிக்குப் பிளக்கு வேணும்ல. ஹால்ல பெரிய பிளக்கு அது ஒண்ணுதான இருக்கு."

"எப்பக் கழத்துன?"

"விடியக்காலம், பெட்டி வந்தப்ப. ஏண்ணே, எதோடது அது?"

கதிர்வேல் கீழே கிடந்த வயரைக் கையில் எடுத்தான். தம்பி சேனாதிபதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேற்று மாலையிலிருந்து பந்தல், நாற்காலி, ஊர் ஊராகச் சேதி என்று அலைந்து அவன் கண் சிவந்து போயிருந்தது. ஐஸ் பெட்டியையும் அவன்தான் எங்கோ போய்ப் பிடித்துக்கொண்டு வந்தான். சித்திரை வெயில் பழனியைப் போட்டு வறுத்தது. மலைமேல் வில்பட்டியிலிருந்து பிறந்த வீட்டுக் கோடிச்சேலை வராமல் மனைவி ஜோதிமணியைக் குளிப்பாட்டி எடுக்க முடியாது. அதுவரை அவளை வைத்திருக்க வேண்டுமே.

நெற்றியில் ஒரு ரூபாய்க் காசோடு அவள் கண்ணாடிக்கு அடியில் படுத்திருந்தாள். கண்ணாடியின் உட்புறம் பனி படிந்திருந்தது. கல்யாணமாகி மலையிலிருந்து இறங்கி வந்த நாளிலிருந்து, சித்திரை மாதத்தில் அவள் வேர்க்காமல் படுத்திருந்து கதிர்வேல் பார்த்ததில்லை.

வயர் ஜன்னல் வழியாகக் கொல்லைக்குப் போனது. அதன் பின்னாலேயே அவனும் போனான்.

சிமெண்ட் தொட்டியில் மீன்கள் எல்லாம் மேலே வந்து நின்றன. சிவப்பும் வெள்ளையுமாக, முழங்கை நீளத்துக்கு வளர்ந்த மீன்கள். ஒன்றுகூட நீந்தவில்லை. தண்ணீருக்கு வெளியே வாயை நீட்டித் திறந்து திறந்து மூடின. தொட்டியைச் சுற்றி நட்ட கம்புகள் மட்டும் நின்றன, மேலே இருந்த பச்சை வலையைக் காணவில்லை. அதுவும் எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரியும். வாசலில் பந்தல் எட்டாத இடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களின் தலைக்கு மேல் கட்டியிருந்தார்கள். நேற்று மத்தியானம் அந்த வலையின் ஓரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஜோதிமணி இந்த இடத்திலேயே சரிந்தாள். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தண்ணீரில் கை வைத்தான். கஞ்சிச் சூடு இருந்தது.

அடுப்படியில் மிக்ஸியைக் கழற்றிவிட்டுத் தொட்டியின் காற்று மோட்டாரைச் செருகினான். தொட்டியின் அடியிலிருந்து குமிழிகள் கிளம்பின. அது போதாது என்று அவனுக்கே தெரிந்தது. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றவும் முடியாது. பிளீச்சிங் வாடை போக டிரம்மில் நாள் கணக்கில் நிற்கவிட்டுத்தான் அவள் ஊற்றுவாள். டிரம் காலியாகக் கிடந்தது. வந்தவர்கள் கால் கழுவவும் டீ போடவும் அதைத்தான் மொண்டிருக்கிறார்கள்.

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வாளியை எடுத்தான். தொட்டித் தண்ணீரையே மொண்டு, கையைத் தலைக்கு மேலே தூக்கி, மெல்ல ஊற்றினான். மறுபடி மொண்டான். விழுகிற தண்ணீரில் காற்று சேரும் என்று அவள் செய்வது இது. கோடை முழுக்க இதே சோலியாக நிற்பாள். எனக்கு ஒரு நாளாவது இப்படிச் செய்திருக்கிறாயா என்று அவன் கேலி செய்தால் அவளும் சளைக்க மாட்டாள்.

"உங்களுக்கென்ன, வெயிலடிச்சா எந்திரிச்சு நெழலுக்குப் போயிருவீங்க. அதுக எங்க போகும்?"

கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் தோட்டத்துக் குளத்தில் பிறந்த குஞ்சுகள் அவை. பால் கேனில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அவள்தான் இறக்கிக் கொண்டுவந்தாள். எங்க ஊருச் சனம் என்று வருகிறவர்களிடம் காட்டுவாள்.

அடுப்படி வாசலில் இரண்டு மூன்று பேர் வந்து நின்று பார்த்தார்கள். பொண்டாட்டி அங்கே கெடக்கா, இவன் தண்ணி ஊத்தி வெளையாடிட்டுக் கெடக்கான் என்று யாரோ சொன்னது அவன் காதில் விழுந்தது. அவர்களை விலக்கிக்கொண்டு அக்கா முருகேஸ்வரி வந்தாள்.

"ஏலே கதிரு, சனம் பாக்குது. வந்து அவ பக்கத்துல ஒக்காரு."

"வாரேன்க்கா. நீ போ."

அவள் போகவில்லை. அவன் வாளியை வைத்துவிட்டுக் கொடியைப் பார்த்தான். நேற்றுக் காலையில் ஜோதிமணி துவைத்துப் போட்ட நூல்சேலை அப்படியே தொங்கியது. அதை உருவித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தான்.

"அது அவளோட போக வேண்டிய துணி தம்பி. அதப் போய்..."

கம்பில் ஒரு நுனியைக் கட்டினான். மறு நுனி கையிலிருந்து நழுவித் தரையில் புரண்டது. இரண்டு தடவை எடுத்தும் அவன் விரலுக்கு முடிச்சு பிடிபடவில்லை. முருகேஸ்வரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து அந்த நுனியை எடுத்து எதிர்க் கம்பில் இறுக்கிக் கட்டினாள். தொட்டி மேல் நிழல் விழுந்தது.

வில்பட்டி வேன் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. சீசன் கூட்டத்தில் மலைப்பாதையில் வடகவுஞ்சிப் பக்கம் வண்டிகள் நகராமல் நின்றுவிட்டனவாம். வாசலில் அழுகை புதிதாகக் கிளம்பியது. கதிர்வேல் போய்க் கும்பிட்டு நின்றான். மாமியார் அழகம்மாள் கோடித் தட்டோடு பெட்டியின் மேல் விழுந்து கண்ணாடியைத் தட்டித் தட்டி மகளைக் கூப்பிட்டாள். மாமனார் திருமலைச்சாமி மகளின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். அழவில்லை. திரும்பி வேனுக்குப் போனார்.

கதிர்வேல் மறுபடி வாளியைத் தூக்கியபோது அவர் கொல்லைக்கு வந்தார். இரண்டு கையிலும் தண்ணீர்க் கேன். கனத்தில் தோள் இரண்டும் இறங்கியிருந்தன.

"நேத்து வெள்ளனே அவ போன் போட்டா மாப்ள," என்றார். கேன்களைக் கீழே வைக்காமலே பேசினார். "இங்க தண்ணி சுடுது, மீனு தாங்காது, பூண்டு ஏத்திட்டு வாரப்ப ஓடைத் தண்ணி ரெண்டு கேன் கொண்டாங்கன்னா. அப்பவே புடிச்சு வச்சுட்டேன். ராத்திரி சேதி வந்துச்சு. வண்டில ஏறப் போறேன், ரெண்டும் வாசல்ல நிக்குது. விட்டுட்டு வர மனசு வல்ல."

கதிர்வேல் ஒரு கேனை வாங்கினான். வெளிப்புறமே சில்லென்றிருந்தது. மூடியைத் திறக்காமல் அதைத் தொட்டிக்குள் இறக்கி நிறுத்தினான். அடுத்ததையும் அதன் பக்கத்தில் வைத்தான். மாமனார் விழித்தார்.

"ஒடனே ஊத்தக்கூடாதுங்க மாமா. ரெண்டு தண்ணியும் கொஞ்சம் பழகணும். இல்லாட்டி மீனு பதறிரும்னு சொல்லுவா."

"அப்படியா" என்றார் அவர்.

தொட்டியின் இரண்டு பக்கமும் இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். ஈரச்சேலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. ஒரு மீன் மெதுவாகத் திரும்பியது. கேனுக்குப் பக்கத்தில் போய் அதன் மேல் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றது. பின்னாலேயே இன்னொன்றும் வந்தது.

பெட்டியைத் திறந்துவிட்டார்கள் என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினார்கள். குளிப்பாட்ட லாரித் தண்ணீர் நிரப்பிய நீல டிரம் கொல்லைக்கு வரும் நடைபாதையில், காலையிலிருந்து வெயிலிலேயே நின்றது. திருமலைச்சாமி எழுந்து நாலு எட்டுப் போனார். டிரம்முக்குள் கையை விட்டார். வெடுக்கென்று எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். திரும்ப வந்து தொட்டிக்கு அருகில் நின்றார். வெகுநேரம் கேன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள," என்றார். குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "இது மீனுக்குன்னு அவ வாயால கேட்டது. இல்லேங்கல. இதுல ஒரு சொம்பு, ஒரே ஒரு சொம்பு மட்டும், நான் அவ மேல ஊத்திக்கிறட்டுங்களா?"